முதல் நிரலுக்கு முன்: எடிட்டரைத் தயார் செய்வோம்

(கணினி ஆய்வகப் பொறுப்பாசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பைத்தான் மொழியை எப்படிக் கற்பிப்பது என்பது இந்த உரையின் பொருளன்று. அதற்குப் பாடநூல் இருக்கிறது. 12ஆம் வகுப்புக் கணினி அறிவியலில் மாறிகள், செயற்குறிகள், மடக்குகள், செயற்கூறுகள் என்று வரிசையாகப் பாடங்கள் உள்ளன. பாடம் தொடங்குவதற்கு முன்னால் நடக்க வேண்டிய ஒரு வேலையைப் பற்றியே நான் பேச வந்திருக்கிறேன். நிரலை எங்கே எழுதப் போகிறோம், எதைக் கொண்டு இயக்கப் போகிறோம், அதற்கு எடிட்டரை எப்படித் தயார் செய்வது என்பதுதான் அந்த வேலை.

இது சிறிய விஷயம், ஆய்வகத்தில் யாராவது ஒருவர் பார்த்துக்கொள்வார் என்று நினைப்பதுண்டு. ஆனால் ஒரு மாணவர் நிரலாக்கத்தில் தொடர்வாரா, 'இது எனக்கு வராது' என்று ஒதுங்குவாரா என்பது பெரும்பாலும் முதல் இரண்டு பாடவேளைகளிலேயே முடிவாகிவிடுகிறது. வீட்டில் கணினி உள்ள பிள்ளை பிழைச் செய்தியைப் பார்த்தால் இன்னொரு முறை முயன்று பார்க்கும். பள்ளியில்தான் முதன்முதலாக விசைப்பலகையைத் தொடுகிற பிள்ளையோ, திரையில் சிவப்பு எழுத்து வந்தவுடன் கையை எடுத்துவிடும். ஒரு பள்ளியில் நான் வகுப்பைப் பார்வையிட்டபோது, மேற்கோள் குறியை மூட மறந்த ஒரு மாணவி, "சார், கம்ப்யூட்டரைக் கெடுத்துட்டேன்னு நினைக்கிறேன்" என்று மெல்லிய குரலில் சொன்னார். அவர் எதையும் கெடுக்கவில்லை. பிழை என்பது நிரலாக்கத்தில் தினசரி நடப்பு என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

மாணவர் மொழியில் தடுமாறினால் நாம் உதவலாம். கருவியில் தடுமாறினால், தான் மொழியில்தான் தோற்றோம் என்று அவர் நினைத்துக்கொள்வார். அந்தத் தவறான எண்ணம் வராமல் தடுப்பது நம் பொறுப்பு.

தேவை மூன்று பொருள்கள்

எந்த மொழியாக இருந்தாலும், நிரல் எழுதத் தொடங்க மூன்று பொருள்கள் வேண்டும். ஒன்று, நிரலை எழுதிச் சேமிக்கும் இடம், அதுதான் எடிட்டர். இரண்டு, எழுதியதைக் கணினிக்குப் புரியவைக்கும் மொழிமாற்றி. மூன்று, விடையும் பிழையும் தெரியும் இடம். இந்த மூன்றும் வெவ்வேறு என்பதை முதல் நாளே மாணவருக்குச் சொல்லிவிட வேண்டும். எடிட்டர் என்பது நோட்டுப் புத்தகம். மொழிமாற்றி அதை வாசிப்பவர். மூன்றாவது, வாசித்தவர் பதில் சொல்லும் இடம். 'பைத்தான் வேலை செய்யவில்லை' என்று ஒரு மாணவர் சொல்லும்போது, மூன்றில் எது வேலை செய்யவில்லை என்று கேட்கப் பழகிவிட்டால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

நோட்பேடில் எழுதினால் ஆகாதா என்று சிலர் கேட்பார்கள். எழுதலாம். ஆனால் விண்டோஸ் வழக்கமாகக் கோப்பின் பின்னொட்டை மறைத்தே காட்டும். மாணவர் பைத்தான் கோப்பு என்று நினைத்துச் சேமித்தது, கடைசியில் 'டாட் டிஎக்ஸ்டி' என்ற பின்னொட்டுடன் வெறும் உரைக் கோப்பாக உட்கார்ந்திருக்கும். நோட்பேடு வரிகளுக்கு நிறம் காட்டாது. மூடாத அடைப்புக்குறியைச் சுட்டாது. தொடக்கநிலை மாணவருக்கு இந்தச் சிறு உதவிகள்தாம் பெரிய உதவிகள்.

எந்த எடிட்டர்?

பைத்தானுக்கு மூன்று வழிகளைச் சொல்கிறேன்.

முதலாவது ஐடில். விண்டோஸில் பைத்தானை நிறுவும்போது கூடவே வருவது. தனியாக எதையும் பதிவிறக்க வேண்டாம். ஊடாடும் முறையும் உண்டு, கோப்பில் எழுதி எஃப்5 விசையால் இயக்கும் முறையும் உண்டு. பாடநூலில் காணும் மூன்று கோணக்குறிகள் கொண்ட திரை இதுதான். இணைய வசதி குறைந்த பள்ளிக்கு இதுவே போதும்.

இரண்டாவது தோனி. எஸ்தோனியா நாட்டின் தார்த்து பல்கலைக்கழகத்தில், நிரலாக்கம் புதிதாகப் படிப்பவர்களுக்கென்றே உருவாக்கப்பட்ட இலவச எடிட்டர். இதன் நிறுவல் தொகுப்புக்குள்ளேயே பைத்தான் இருக்கிறது. ஒரே நிறுவலில் நான் சொன்ன மூன்று பொருள்களும் வந்துவிடுகின்றன. மூடாத மேற்கோளும் அடைப்புக்குறியும் நிறம் மாறித் தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக, 'வேரியபிள்ஸ்' என்ற சாளரத்தைத் திறந்து வைத்தால், ஒவ்வொரு மாறியிலும் இப்போது என்ன மதிப்பு இருக்கிறது என்பது கண்ணெதிரே தெரியும்.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். விசைப்பலகையிலிருந்து 12, 5 என்று இரு எண்களை வாங்கிக் கூட்டும் நிரலை மாணவர் எழுதுகிறார். விடை 17 என்று எதிர்பார்க்கிறார். 125 என்று வருகிறது. கரும்பலகையில் காரணத்தை விளக்கப் பத்து நிமிடம் ஆகும். தோனியின் மாறிகள் சாளரத்திலோ 12ஐச் சுற்றி மேற்கோள் குறி தெரியும். "ஏன் இதற்கு மேற்கோள் குறி?" என்று மாணவரே கேட்பார். உள்ளீடாக வந்தது எண்ணன்று, எழுத்துச்சரம் என்பது அப்போது அவராகவே கண்டறிந்த உண்மையாகிவிடும்.

மூன்றாவது விஷுவல் ஸ்டுடியோ கோட். மைக்ரோசாஃப்ட் 2015இல் அறிமுகப்படுத்தியது. இன்று தொழில்துறையில் பரவலாகப் பயன்படுவது. பல மொழிகளுக்கும் ஏற்றது. ஆனால் இதை நிறுவினால் எடிட்டர் மட்டும்தான் வரும். பைத்தானைத் தனியாக நிறுவ வேண்டும். பைத்தானுக்கான நீட்சியைத் தனியாகச் சேர்க்க வேண்டும். எந்த மொழிமாற்றியைப் பயன்படுத்துவது என்று தேர்ந்தெடுக்க வேண்டும். மாணவர் நூறு வரி எழுதும் நிலைக்கு வந்தபின் இது நல்ல எடிட்டர். முதல் வாரத்தில் இதன் பொத்தான்களும் பட்டைகளும் அவருடைய கவனத்தைத் தின்றுவிடும்.

ஆகவே என் பரிந்துரை எளியது: தொடக்கத்துக்குத் தோனி அல்லது ஐடில். 'பெரிய நிறுவனங்களில் எதைப் பயன்படுத்துகிறார்கள்' என்பதைவிட, 'பிழை வரும்போது எது மாணவருக்குத் தெளிவாகச் சொல்கிறது' என்பதே நமக்கு அளவுகோல்.

நிறுவும்போது கவனிக்க வேண்டியவை

முதலில் கணினியின் வயதைப் பாருங்கள். விண்டோஸ் 7 உள்ள கணினியில் பைத்தான் 3.8 வரைதான் நிறுவ முடியும், 3.9 முதல் அங்கே இயங்காது. தோனியில் பழைய கணினிகளுக்கென 3.8 அடங்கிய 32 பிட் தொகுப்பும் கிடைக்கிறது. புதிய கணினி என்றால் 3.10க்குப் பிந்தைய பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் பதிப்பு முதல் பிழைச் செய்திகள் நன்கு திருத்தப்பட்டுள்ளன. அடைப்புக்குறியை மூடாவிட்டால், பழைய பதிப்பு 'எதிர்பாராத இடத்தில் கோப்பு முடிந்துவிட்டது' என்ற பொருளில் ஏதோ சொல்லும். புதிய பதிப்பு 'இந்த அடைப்புக்குறி மூடப்படவே இல்லை' என்று நேராகச் சொல்லும். மாணவருக்கு இவ்விரண்டுக்கும் உள்ள தூரம் மிகப் பெரிது.

அடுத்து, பைத்தானைத் தனியாக நிறுவுவோருக்கு ஒரு குறிப்பு. நிறுவலின் முதல் திரையின் அடியில், பைத்தானைப் 'பாத்' பட்டியலில் சேர்க்கவா என்று கேட்கும் ஒரு சிறு கட்டம் இருக்கும். அதில் குறியிட்ட பிறகே மேலே செல்லுங்கள். கட்டளைத் திரையில் 'பைத்தான்' என்று தட்டினால், விண்டோஸ் ஒரு முகவரிப் பட்டியலை வைத்துத்தான் தேடும். பட்டியலில் இல்லையென்றால், கணினிக்குள் பைத்தான் இருந்தும் அப்படி எதுவும் இல்லை என்றே சொல்லும். வருகைப் பதிவேட்டில் பெயர் ஏறாத மாணவர் வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் அவர் பெயர் அழைக்கப்படாதல்லவா, அதுபோலத்தான்.

நிறுவுவதற்கு நிர்வாகி அனுமதி இல்லாத கணினியாக இருந்தால், தோனியின் கையடக்க வடிவத்தைப் பென் டிரைவில் வைத்து அப்படியே இயக்கலாம்.

பிறகு கோப்புறை. வகுப்பு, பிரிவு, வரிசை எண் என்று கோப்புறைகளை முன்கூட்டியே அமைத்துவிடுங்கள். ஒரே கணினியைக் காலையில் ஒரு பிரிவும் பிற்பகலில் ஒரு பிரிவும் பயன்படுத்தும் இடத்தில், 'என் நிரலை யாரோ அழித்துவிட்டார்கள்' என்ற புகார் இதனால் குறையும்.

கோப்பின் பெயரிலும் ஒரு பொறி இருக்கிறது. ஆமை வரைகலையைப் பழகும் மாணவர், தன் கோப்புக்கு 'டர்ட்டில்' என்றே பெயர் வைத்துச் சேமிப்பார். அடுத்த முறை இயக்கினால், பைத்தான் தன்னுடைய டர்ட்டில் தொகுதிக்குப் பதிலாக மாணவரின் கோப்பையே திறந்து பார்த்துக் குழம்பும். 'ரேண்டம்' என்று பெயர் வைத்தாலும் இதே கதைதான். நிரல் சரி, மொழி சரி, எடிட்டரும் சரி. பெயர் மட்டுமே தவறு. இதைக் கண்டுபிடிக்க ஒரு முழுப் பாடவேளை போய்விடும். அதனால் 'என் ஆமை', 'பயிற்சி 1' என்ற வகையில் பெயரிடச் சொல்லுங்கள்.

ஐந்து சோதனைகள்

மாணவர் ஆய்வகத்துக்குள் வருவதற்கு முதல் நாள், ஒவ்வொரு கணினியிலும் ஐந்து சோதனைகளைச் செய்துவிடுங்கள். ஒரு கணினிக்கு ஐந்து நிமிடம் போதும்.

1. 'பிரிண்ட்' கட்டளையால் ஒரு வரியைத் திரையில் அச்சிடுங்கள்.

2. கோப்பைச் சேமித்து, எடிட்டரை மூடி, மறுபடி திறந்து, அதே கோப்பை இயக்குங்கள். சேமிக்கும் இடம் சரியா என்பது இதில்தான் தெரியும்.

3. விசைப்பலகையிலிருந்து ஒரு பெயரை வாங்கி, அதற்கு வணக்கம் சொல்லும் நிரலை இயக்குங்கள். உள்ளீடு எந்தச் சாளரத்தில் கேட்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாணவர் பலர் எடிட்டரிலேயே விடையைத் தட்டிக்கொண்டிருப்பார்கள்.

4. வேண்டுமென்றே ஒரு பிழை செய்யுங்கள். மேற்கோள் குறி ஒன்றை அழித்துவிட்டு இயக்குங்கள். செய்தி எங்கே வருகிறது, எழுத்து கண்ணுக்குத் தெரியும் அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசி வரிசையில் இருவர் பகிரும் கணினி என்றால் எழுத்தளவைக் கூட்டி வையுங்கள்.

5. தமிழில் ஒரு வரியை அச்சிடுங்கள்.

இந்த ஐந்தில் மிக முக்கியமானது நான்காவது. அதை மாணவரும் செய்ய வேண்டும். முதல் பாடவேளையில் சரியான நிரலை எழுதச் சொன்ன கையோடு, அதைப் பத்து விதமாகக் கெடுக்கச் சொல்லுங்கள். ஓர் எழுத்தை மாற்று, அடைப்புக்குறியை எடு, வரியின் முன்னால் இடைவெளி விடு. ஒவ்வொன்றுக்கும் கணினி என்ன சொல்கிறது என்று நோட்டில் எழுது. பிழைச் செய்தியின் கடைசி வரியை முதலில் படி, பிறகு வரி எண்ணைப் பார், அந்த வரியில் இல்லையென்றால் அதற்கு முந்தைய வரியைப் பார். இந்த மூன்று பழக்கங்களும் வந்துவிட்ட மாணவருக்குச் சிவப்பு எழுத்து அச்சமூட்டாது.

பிழைகளில் இரண்டு வகைகளை முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஒன்று உள்தள்ளல். பைத்தானில் வரியின் முன்னுள்ள இடைவெளிக்குப் பொருள் உண்டு. நான்கு இடைவெளி என்பது பரிந்துரைக்கப்பட்ட மரபு. ஐடிலிலும் தோனியிலும் டேப் விசையை அழுத்தினால் நான்கு இடைவெளிகளே விழும். வேறு எடிட்டரில் எழுதிய கோப்பைக் கொண்டுவந்து சேர்க்கும்போதுதான் டேப்பும் இடைவெளியும் கலந்து சிக்கலாகும். மற்றொன்று, பிடிஎஃப் கோப்பிலிருந்தோ வேர்டிலிருந்தோ நிரலை நகலெடுத்து ஒட்டுவது. அங்குள்ள வளைந்த மேற்கோள் குறியைப் பைத்தான் ஏற்காது. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு வேறு எழுத்து. சிறு நிரல்களைக் கையால் தட்டுவதே நல்லது, விரலும் பழகும்.

தமிழில் எழுதலாமா?

எழுதலாம். பைத்தான் 3 யூனிகோடு எழுத்துகளை மாறியின் பெயராகவும் ஏற்கிறது. கீழே உள்ள இரண்டு வரிகளும் முறையான பைத்தான் வரிகள்:

பக்கம் = 5
பரப்பு = பக்கம் * பக்கம்

ஆங்கிலச் சொற்களில் தயங்கும் மாணவருக்கு, கட்டளைச் சொல் எது, தான் வைத்த பெயர் எது என்ற வேறுபாடு இதில் பளிச்சென்று தெரியும். கட்டளை ஆங்கிலத்தில் இருக்கும். தன் பெயர் தமிழில் இருக்கும். சில வாரங்கள் போனபின் ஆங்கிலப் பெயர்களுக்கு மாறிக்கொள்ளலாம்.

இதற்கு எடிட்டரில் இரண்டு ஏற்பாடுகள் தேவை. தட்டச்சு யூனிகோடாக இருக்க வேண்டும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டியது எழுத்துருவின் உதவியால்தான் தமிழாகத் தெரிகிறது. எடிட்டரில் ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகச் சிதறிவிடும். விண்டோஸ் 10இன் பிந்தைய பதிப்புகளில் தமிழ் 99 விசைப்பலகை உள்ளமைவாகவே இருக்கிறது. இரண்டாவது, எழுத்துரு. தமிழ் சரியாகத் தெரியவில்லை என்றால், எடிட்டரின் அமைப்புகளில் எழுத்துருவை மாற்றிப் பாருங்கள்.

தமிழாசிரியர்களுக்கும் இதில் ஒரு சுவையான பாடம் உண்டு. எழுத்துச்சரத்தின் நீளத்தைச் சொல்லும் 'லென்' செயற்கூற்றிடம் 'தமிழ்' என்ற சொல்லைக் கொடுத்தால், 5 என்று விடை வரும். நாம் எண்ணினால் மூன்று எழுத்து. கணினியோ த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்தாக எண்ணுகிறது. உயிர்மெய்யைக் கணினி எப்படிச் சேமிக்கிறது என்று தமிழாசிரியரும் கணினி ஆசிரியரும் சேர்ந்து ஒரு வகுப்பே எடுக்கலாம்.

எதை அணைத்து வைப்பது?

இன்றைய எடிட்டர்கள் பல, நாம் இரண்டு எழுத்து தட்டுவதற்குள் மீதி வரியை எழுதிக் காட்டுகின்றன. செயற்கை நுண்ணறிவுத் துணை சேர்ந்தால் முழு நிரலையே எழுதிவிடுகின்றன. அனுபவமுள்ளவருக்கு அது நேரத்தை மிச்சப்படுத்தும். வாய்ப்பாடு படிக்கும் வயதில் கால்குலேட்டரைக் கொடுப்பதில்லை, பின்னாளில் கொடுக்கிறோம். அதே நிதானம் இங்கும் வேண்டும். முதல் சில வாரங்களுக்கு அந்த வசதியை அணைத்து வையுங்கள். பிறகு திறந்துவிட்டு, அது எழுதித் தந்த நிரலில் என்ன பிழை என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

ஒரு கணினிக்கு இருவர் என்ற நிலை பல பள்ளிகளில் உள்ளது. அதையும் பயனுள்ளதாக்கலாம். ஒருவர் தட்டட்டும், மற்றவர் வரி வரியாகப் படித்துப் பார்க்கட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறட்டும். மணி அடித்து மாற்றினால்தான் கூச்ச சுபாவமுள்ள பிள்ளையின் கையிலும் விசைப்பலகை வரும்.

மற்ற வகுப்புகளுக்கும் மொழிகளுக்கும்

தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் இது தமக்குரியதன்று என நினைக்க வேண்டாம். ஸ்கிராட்ச் மென்பொருளை இணையம் இல்லாமலும் நிறுவலாம். அங்கும் சேமித்தல், மறுபடி திறத்தல், கெடுத்துப் பார்த்தல் என்ற சோதனைகள் பொருந்தும். கணித ஆசிரியர்கள் பைத்தானின் ஆமையைக் கொண்டு பலகோணம் வரையலாம். 360ஐப் பக்கங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் ஆமை திரும்ப வேண்டிய கோணம் கிடைக்கும். அறுகோணத்துக்கு 60 பாகை. ஐந்து முனை விண்மீனுக்கு 144. தவறான கோணம் கொடுத்தால் உருவம் மூடாது. அந்தப் பிழை கண்ணாலேயே தெரியும்.

11ஆம் வகுப்பில் சி++ எடுப்போருக்கும் ஐந்து சோதனைகளும் அப்படியே பொருந்தும். அங்கே நிரல்பெயர்ப்பி முழு நிரலையும் முதலில் மொழிபெயர்த்து, பிறகே இயக்கும். ஆகவே பிழை மொழிபெயர்க்கும்போது வந்ததா, இயக்கும்போது வந்ததா என்று பிரித்துக் காட்டுங்கள். மொழிகள் மாறும், எடிட்டர்களும் மாறும். புதிய மொழி எதைத் தொடங்கினாலும் முதலில் ஒரு வரியை ஓட்டிப் பார், அதைக் கெடுத்துப் பார், கணினி சொல்வதைப் படி என்ற பழக்கம் மாணவரோடு கூடவே போகும்.

ஒரு வேண்டுகோளுடன் முடிக்கிறேன். அடுத்த வாரம் ஒரு மாலை, பள்ளி முடிந்தபின் உங்கள் ஆய்வகத்தில் அரை மணி நேரம் உட்காருங்கள். கணினி ஆசிரியர் மட்டும் அல்லாமல், தமிழாசிரியர், கணித ஆசிரியர் என இன்னொருவரையும் அழைத்துக்கொள்ளுங்கள். கணினிகளுக்கு எண் கொடுத்து, ஐந்து சோதனைகளில் எது எந்தக் கணினியில் நின்றுபோகிறது என்று ஒரு தாளில் குறித்து, அதை ஆய்வகக் கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். அந்தத் தாளில் குறைகள் எவை என்று எழுதப்பட்டுவிட்டால், அவை கணினியின் குறைகள் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். எந்தப் பிள்ளையும் அவற்றைத் தன் குறையாக எடுத்துக்கொண்டு வகுப்பை விட்டுப் போகாது.